சாப்பிடாதவன்

அமெரிக்காவில் அக்டோபர் 31 ஹாலோவீன். குழந்தைகள் பேய் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் இரவு. அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைக்கப் போனவர்கள் மூட்டையோடு எடுத்துப்போன பண்டிகை இது. பெரியவர்களும் வேஷம் போடுகிறார்கள், விருந்து வைக்கிறார்கள். சில ஆண்டுகளாக அந்த விருந்து மேஜையில் கஞ்சா கலந்த சாக்லேட்டும் இருக்கிறது. கொலராடோ மாநிலத்தில் 2012இல் ஜனங்கள் வாக்களித்து, 2014 ஜனவரி 1 முதல் இருபத்தொரு வயது நிரம்பியவர்கள் அதைக் கடையில் வாங்கலாம் என்று ஆயிற்று. கனடா 2018 அக்டோபர் 17இல் நாடு முழுவதற்கும் அனுமதித்தது. தின்பண்டங்களை மட்டும் ஓராண்டு நிறுத்திவைத்து 2019இல் சேர்த்தது. நம் ஊரில் கஞ்சா குற்றம். நான் எழுதுவது அது குற்றமல்லாத ஊர்களைப் பற்றி.

2014 அக்டோபரில் டென்வர் போலீஸ் ஒரு படம் எடுத்து வெளியிட்டது. உங்கள் குழந்தையின் மிட்டாய்ப் பையில் கஞ்சா மிட்டாய் கலந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் இந்த எச்சரிக்கை ஏதாவது ஓர் ஊரில் தவறாமல் கிளம்பிவிடுகிறது. இந்தப் பயம் கஞ்சாவுக்கு முந்தியது. ஆப்பிளுக்குள் சவரபிளேடு, மிட்டாய்க்குள் விஷம் என்ற வதந்திகள் அறுபதுகளிலிருந்தே அங்கே உலவின. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1985இல் ஜெரால்ட் ஹோரியுச்சியுடன் சேர்ந்து இதைக் கட்டுரையாக எழுதினார். பத்திரிகைச் செய்திகளை 1958இலிருந்து ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தார். முகம் தெரியாத ஒருவன் ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தையைக் கொன்றான் என்பதற்கு ஒரு நிரூபணமும் அவருக்கு அகப்படவில்லை. அகப்பட்டவை வேறு மாதிரி. 1970இல் டெட்ராய்ட்டில் ஐந்து வயதுப் பையன் செத்தான். உறவினர் வீட்டில் வைத்திருந்த ஹெராயினை அவன் தின்றிருக்கிறான். குடும்பத்தார் அதை மறைக்க மிட்டாய்மேல் ஹெராயினைத் தூவிவைத்தார்கள். 1974இல் டெக்ஸாஸில் எட்டு வயதுப் பையனின் மிட்டாயில் சயனைடு இருந்தது. கலந்தவன் தகப்பன். இன்ஷூரன்ஸ் பணத்துக்காக. 1984இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது.

பயம் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. கஞ்சா விஷயத்திலும் இப்படித்தான். அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாத் தின்பண்டத்தைத் தின்றுவிட்டதாக 2017இல் வந்த தகவல்கள் 207. 2021இல் 3,054. மிகப் பெரும்பான்மை வீட்டில் நடந்தவை. இந்த ஐந்தாண்டுக் குழந்தைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. விலை கொடுத்து வாங்கிய பண்டத்தை ஊரார் பிள்ளையின் பையில் போட்டுவிட்டுப் போகும் தர்மவான் யாரும் இல்லை. சமையலறை மேடையில், சாதாரண சாக்லேட் பக்கத்தில், பிரித்த பொட்டலத்தை மறந்து வைக்கும் அப்பாக்களும் மாமாக்களும்தான் இருக்கிறார்கள்.

கஞ்சாவைப் புகைப்பது ஒரு காரியம், தின்பது வேறு காரியம். இந்த வித்தியாசத்தின் சரித்திரத்தை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம். ஆனால் அதைச் சரித்திரமாகப் படிக்காமல் கவித்துவமாகப் படித்தோம்.

1840களின் பாரீஸ். ஸான் லூயித் தீவில் பிமோதான் மாளிகை என்ற பழைய கட்டிடம். பொய்ஸார் என்ற ஓவியரின் அறைகளில் சிலர் கூடுகிறார்கள். ழாக் ழோசஃப் மோரோ என்ற மனநோய் மருத்துவர் எகிப்துப் பக்கம் பிரயாணம் போய் ஹஷீஷைப் பார்த்துவிட்டு வந்தவர். பைத்தியத்தை உள்ளேயிருந்து தெரிந்துகொள்ள வேண்டுமானால் கொஞ்ச நேரம் பைத்தியமாகிப் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. 1845இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அவர்கள் தின்றது புகை அல்ல, பச்சை நிறத்தில் ஒரு லேகியம். வெண்ணெயில் காய்ச்சி இறக்கிய சாரத்தோடு சர்க்கரை, பிஸ்தா, வாசனைச் சரக்குகள். சாப்பாட்டுக்கு முன் ஒரு கரண்டி. தெயோஃபில் கோத்தியே இதைக் கதையும் நினைவுமாகக் கலந்து 1846 பிப்ரவரியில் ஒரு பெரிய பத்திரிகையில் எழுதினார். அந்த எழுத்தில் கூடத்தை நிரப்புபவை முகங்கள்: கோயாவின், காலோவின் சித்திரங்களிலிருந்து இறங்கி வந்த மாதிரி கோணல் முகங்கள், முகமூடிகள், கால்கள் வேராக முறுக்கிக்கொண்ட ஒரு பிராணி. சிரிப்பு முற்றி பயமாகிறது. காலம் செத்துப்போய்விட்டதாக ஒரு செய்தி வருகிறது. ஹாலோவீன் என்ற சொல்லே இல்லாமல் எழுதப்பட்ட ஹாலோவீன் இரவு என்று எனக்குப் படுகிறது. வேஷமும் இருட்டும் கூட்டமும் தின்ற லேகியமும் ஒரே அறையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடையாது.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்த முகங்களைத்தான். யாரும் கவனிக்காத ஓர் ஆள் அந்த அறையில் இருக்கிறார். கூட்டத்தில் ஒருவர் அன்றைக்கு லேகியம் தின்னக்கூடாது. பியானோ வாசிப்பது, பயத்தில் அமிழ்ந்தவனை மீட்பது, சிறகு முளைத்துவிட்டதாக நினைத்து ஜன்னல் பக்கம் போகிறவனைப் பிடித்து உட்காரவைப்பது அவர் பொறுப்பு. கோத்தியே அவருக்கு வைத்த பெயர் ‘வோயான்’. காண்பவன். அந்த ராத்திரியில் காண்பவன் தின்னாதவன்தான்.

இந்தச் சொல்லை நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ரேம்போவிடமிருந்து. 1871 மே மாதக் கடிதத்தில் கவி தன்னை ‘வோயான்’ ஆக்கிக்கொள்ளவேண்டும், புலன்களை எல்லாம் குலைத்துத்தான் அது ஆகும் என்று அந்தப் பதினாறு வயதுப் பையன் எழுதினான். கோத்தியேயிடமிருந்து எடுத்தான் என்று நான் சொல்லவில்லை. சொல் இருபத்தைந்து வருஷத்தில் நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றது என்பதைத்தான் சொல்கிறேன். நாம் அதைத் ‘தீர்க்கதரிசி’ என்று மொழிபெயர்த்து மேலும் ஒரு படி ஏற்றிவிட்டோம். குலைத்தல் முறைப்பட, யோசித்துச் செய்யப்படவேண்டும் என்று ரேம்போ சேர்த்தே எழுதியிருப்பதை நம்மில் பலர் வசதியாக விட்டுவிட்டார்கள். ஒரு மாலைக் கூட்டத்தில், கண் சிவந்து உட்கார்ந்திருந்த இளம் கவிஞரைக் காட்டி, ‘போதலேர் பரம்பரை’ என்று ஒரு நண்பர் பெருமையோடு சொன்னார். போதலேரை அவர் படித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

போதலேர் 1851இல் ஒரு முறையும் 1860இல் விரிவாகவும் ஹஷீஷைப் பற்றி எழுதினார். அவற்றில் பாதி, சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறது. எவ்வளவு, எப்போது, எந்த மனநிலையில். மறுநாள் முடிக்கவேண்டிய கடமை ஏதும் இருக்கக்கூடாது. மனசில் துக்கம் இருக்கக்கூடாது. இடம் பழகியதாக இருக்கவேண்டும். மீதிப் பாதி கடுமையான தீர்ப்பு. அது மனிதனுக்குப் புதிதாக ஒன்றும் தருவதில்லை, அவனிடம் இருப்பதையே பெருக்கிக் காட்டுகிறது, சங்கல்பத்தைத் தின்றுவிடுகிறது என்கிறார். அவர் பிமோதானுக்கு எப்போதாவது வந்தவர், வந்தாலும் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தவர் என்பது கோத்தியேயின் சாட்சியம். கோத்தியேயும் ஏறக்குறைய பத்துத் தடவையோடு நிறுத்திவிட்டார். எழுத்தாளனுக்குச் சொந்தக் கனவே போதும் என்பது அவர் சொன்ன காரணம். பால்ஸாக் விவகாரம் இன்னும் ருசிகரம். லேகியத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் திருப்பிக் கொடுத்தார் என்கிறார் போதலேர். பால்ஸாக்கோ 1845 டிசம்பரில் ஹான்ஸ்கா சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தில் தாம் தின்றதாகவும், தமது மூளை பலமானதால் முழுசாக ஏறவில்லை என்றும் அளக்கிறார். யார் சொல்வது உண்மையோ, நாவலாசிரியர் பால்ஸாக்தான்.

பாரீஸ்காரர்களிடம் கரண்டி இருந்தது. கரண்டியில் எவ்வளவு சரக்கு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 1839இல் கல்கத்தாவில் ஓஷானஸி என்ற டாக்டர் கஞ்சாச் சாரத்தை மருந்தாகச் சோதித்து எழுதிய பிறகு மேல்நாட்டு மருந்துக்கடைகளில் அது புட்டியில் வந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஃபிட்ஸ் ஹ்யூ லட்லோ என்ற பையன் ஒரு மருந்துக்கடையில் அந்தப் புட்டியைக் கண்டான். 10 கிரெயினில் ஆரம்பித்தான், ஒன்றும் ஆகவில்லை. வேறு வேறு நாட்களில் ஏற்றிக்கொண்டே 30 கிரெயினுக்குப் போனான். அன்றும் ஒன்றுமில்லை என்று நினைத்து நண்பர் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தான். மணிக்கணக்கு கழித்து, எதிர்பாராத நேரத்தில், இடி விழுந்தது. 1857இல் 21 வயதுக்குள் அதைப் புத்தகமாக எழுதிவிட்டான். அதிலிருந்து மீள்வதே பின்னால் பெரிய பாடாயிற்று.

2014இல் நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் மோரீன் டவுட் டென்வரில் ஒரு ஓட்டல் அறையில் கஞ்சா சாக்லேட்டைக் கொஞ்சம் கடித்தார். ஒன்றும் ஆகவில்லை. மேலும் கடித்தார். பிறகு எட்டு மணி நேரம் படுக்கையில் சுருண்டு, தாம் செத்துவிட்டதாகவே ஒரு கட்டத்தில் நம்பியிருக்கிறார். புதியவர்கள் அந்தச் சாக்லேட்டைப் பதினாறாக வெட்டி ஒரு துண்டு தின்னவேண்டும் என்று அப்புறம் ஒருவர் சொன்னாராம். பொட்டலத்தில் அது அச்சிட்டிருக்கவில்லை. ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வங்கியில் பணம் எண்ணுகிற பக்கம் உட்காருகிறவன். எவ்வளவு இருக்கிறது என்று மேலே எழுதாத நோட்டுக்கட்டை எந்தக் கவுண்டரிலும் யாரும் கையால் தொடமாட்டார்கள். லட்லோவுக்கும் டவுட்டுக்கும் நடுவில் 157 வருஷம். தவறு ஒன்றேதான்: ஏறவில்லை என்று நினைத்து மேலும் தின்றது.

ஏன் என்று இப்போது தெரியும். கஞ்சாவின் போதைப் பொருளை இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் 1964இல் தனியே பிரித்தார்கள். டி.எச்.சி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். புகைத்தால் அது நிமிஷங்களில் மூளைக்குப் போய்விடும். தின்றால் வயிறு, ஈரல் என்று சுற்றுவழி. ஈரல் அதை இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றி அனுப்புகிறது. அரை மணியிலிருந்து இரண்டு மணிவரை ஒன்றும் தெரியாது. உச்சம் அதற்கும் பிறகு. ஆறு எட்டு மணி நேரம் ஆள் கைக்கு வராமல் போகலாம்.

கொலராடோ ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 100 என்று எல்லை கட்டியது. 2016 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு துண்டின்மேலும் எச்சரிக்கைக் குறி. பொட்டலத்தில் மிட்டாய் என்ற சொல்லுக்கே தடை. மறுவருஷம் மனிதன், மிருகம், பழம் ஆகிய வடிவங்களுக்கும் தடை. கனடாவில் ஒரு முழுப் பொட்டலத்துக்கே 10 மில்லிகிராம்தான். கோத்தியேயின் கரண்டிக்குப் பின் முதல் தடவையாக, தின்கிறவன் கையில் ஓர் எண் இருக்கிறது. புதிதாகத் தின்கிறவனுக்கு 2.5 போதும் என்பது அங்கே மருந்தாளுநர்கள் சொல்வது. தின்றபின் இரண்டு மணிக்கு முன் இரண்டாவது துண்டைத் தொடக்கூடாது, சாராயத்தோடு சேர்க்கக்கூடாது, அன்றிரவு கார் ஓட்டக்கூடாது. குடும்பத்தில் சித்தப்பிரமை கண்டவர்கள் இருந்தால் கிட்டேயே போகக்கூடாது. இந்தக் கடைசி விதியை மோரோ புரிந்துகொண்டிருப்பார். பைத்தியத்தின் மாதிரியைத் தேடித்தானே அவர் கரண்டியை எடுத்தார்?

பண்டிகைக்குள் கஞ்சாவை அடைத்து வைப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1893–94இல் பிரிட்டிஷ் சர்க்கார் அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன் 1,193 சாட்சிகளைக் கேட்டது, மதராஸ் ராஜதானி உட்பட. துர்கா பூஜையின் கடைசி நாளில் வங்காள வீடுகளில் வருகிறவர்களுக்கெல்லாம் பாங்கு கொடுக்கும் வழக்கத்தை அது குறித்து வைத்திருக்கிறது. மிதமாக உண்பவனுக்குப் பெரிய கேடில்லை, அளவு மீறினால் கேடு, முழுத்தடை அவசியமில்லை என்று முடித்தது. ஏழு பாகம். அந்தப் பண்டிகை வீட்டில் பாங்கு அரைப்பவள் யார், பரிமாறுகிறவர் எத்தனை குடித்திருந்தார் என்று கமிஷன் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

டொராண்டோவில் இருக்கும் நண்பர் ஒருவர், முன்பு நமக்கெல்லாம் கவிதை அனுப்பியவர், அங்கே தங்கள் ஹாலோவீன் எப்படி என்று எழுதியிருக்கிறார். ஐந்தாறு குடும்பம். குழந்தைகளைத் தெருச் சுற்றிக் கூட்டிவந்து, தூங்க வைத்து, பிறகுதான் பெரியவர்களின் பெட்டி திறக்கும். பெட்டிக்குப் பூட்டு உண்டு. அதுவரை குழந்தைகளின் மிட்டாய் இருக்கும் அறைக்கு அது வராது. ஆளுக்கு ஒரு துண்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தின்பது. வேஷத்தை அதற்கு முன்பே கலைத்துவிடுகிறார்கள். ஒரு வருஷம் மண்டையோட்டு முகமூடியைப் பார்த்து ஒருவர் இரண்டு மணி நேரம் நடுங்கியதால் வந்த ஏற்பாடாம். ஒவ்வொரு வருஷமும் சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் தின்னக்கூடாது. தண்ணீர் கொடுப்பார், பாட்டுப் போடுவார், பயந்தவர் பக்கத்தில் உட்காருவார், சாவிகளை வாங்கி வைத்துக்கொள்வார். கோத்தியேயை அந்தக் குடும்பங்களில் யாரும் படித்ததில்லை. நண்பரும் படித்ததாகத் தெரியவில்லை. போன தடவை சீட்டு அவருக்கு விழுந்திருக்கிறது. இரவு பன்னிரண்டரைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, மாடியில் ஒரு குழந்தை எழுந்து அழுதது தமக்கு மட்டும்தான் கேட்டது என்று எழுதியிருக்கிறார்.