புதுச்சேரி கிரியோல் உணவு

புதுச்சேரி கிரியோல் உணவு என்பது பிரெஞ்சு, போர்த்துக்கீசியச் சமையல் முறைகள் தமிழர் சமையலுடன் கலந்து புதுச்சேரியில் உருவான உணவு மரபு ஆகும். நெடுங்காலம் வீட்டு அடுப்படியிலேயே இருந்த இம்மரபை, வெளியூரார் இன்று பெரும்பாலும் உணவகங்களின் வழியாகவே அறிகின்றனர்.

பெயர்

‘கிரியோல்’ என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. குடியேற்ற நாட்டில் பிறந்து வளர்ந்தவரை அது குறிக்கும். புதுச்சேரியில் ஐரோப்பியரும் உள்ளூராரும் மணவுறவு கொண்டதால் தோன்றிய குடும்பங்கள் இப்பெயரால் அழைக்கப்பட்டன. ஆளுநர் துய்ப்ளேயின் மனைவி ழான் இத்தகைய குடும்பத்தில் புதுச்சேரியில் பிறந்தவர்.

வரலாறு

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1674இல் புதுச்சேரியில் குடியேற்றத்தை அமைத்தது. 1719இல் ஜான் லா என்பவரின் மேற்குக் கம்பெனி அதனைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அதன்பின் 1731 வரை புதுச்சேரியும் வட அமெரிக்காவின் லூசியானாவும் ஒரே கம்பெனியின் ஆளுகையில் இருந்தன.

லூசியானாவிலும் கிரியோல் உணவு வளர்ந்தது. அங்குப் பிரெஞ்சுச் சமையலோடு ஆப்பிரிக்க அடிமைகளின் கைப்பக்குவமும் சேர்ந்தது. ‘கம்போ’ என்னும் குழம்பின் பெயர் வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. கனடாவின் அக்காடியாவிலிருந்து 1755 முதல் விரட்டப்பட்ட பிரெஞ்சுக் குடியானவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவில் குடியேறினர். அவர்களது சமையலே ‘கேஜுன்’ எனப்படுகிறது. நியூ ஆர்லியன்சில் 1840இலேயே ‘அந்துவான்ஸ்’ உணவகம் தொடங்கப்பட்டு இன்றும் நடைபெறுகிறது. புதுச்சேரியிலோ கிரியோல் உணவு விருந்தினருக்கும் பண்டிகைக்கும் உரிய வீட்டுச் சமையலாகவே நின்றது.

உணவுகள்

பிரான்சின் மார்சேய் துறைமுகத்து மீன் சாறான ‘புயாபேஸ்’, புதுச்சேரியில் ‘மீன் புயபேஸ்’ ஆயிற்று. குங்குமப்பூவின் இடத்தில் இங்கு மஞ்சள் சேர்ந்தது. காடியும் பூண்டும் சேர்த்த இறைச்சி உணவான ‘விந்தாலு’ போர்த்துக்கீசியர் வழி வந்தது. ரவை, வெண்ணெய், முந்திரி, சாராயத்தில் ஊறிய உலர்பழங்கள் கொண்டு செய்யும் ‘விவிக்கம்’ கேக் கிறித்துமசுக்கும் திருமணத்துக்கும் உரியது. பிரெஞ்சு ஆட்சிப் பணியில் சைகோனுக்குச் சென்று திரும்பிய குடும்பங்கள், ‘நெம்’ என்னும் வியட்நாமியப் பொரித்த சுருளையும் தம் சமையலில் சேர்த்துக்கொண்டன.

இம்மரபில் மிகத் தொலைவு சென்ற பொருள் வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை முதலியவற்றை இடித்து, உருண்டை பிடித்து, வெயிலில் பல நாள் காயவைத்து இது செய்யப்படுகிறது. பிரெஞ்சு மொழியில் இது ‘வதுவான்’ ஆயிற்று. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகளின் உயர்தர உணவகங்களிலும் இடம்பிடித்தது. அங்கு ‘பிரெஞ்சு மசாலா’ என்று விற்கப்படும் இப்பொருள், தமிழ்நாட்டு வீடுகளில் குழம்பு தாளிக்கும் அதே வடகத்திலிருந்து வந்ததுதான்.

குடும்பங்களின் இடப்பெயர்வு

1962 ஆகஸ்டு 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. இணைப்பு ஒப்பந்தத்தின்படி, அங்குப் பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பினால் ஆறு மாதங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. கிரியோல் குடும்பங்கள் பல பிரான்சுக்குச் சென்றன. தாயிடமிருந்து மகளுக்குக் கைப்பழக்கமாக வந்த பக்குவங்கள், எழுதிவைக்கப்படாத நிலையில், அவர்களுடனேயே ஊரைவிட்டுச் சென்றன.

உணவகங்கள்

சுற்றுலா வளர்ந்தபின் புதுச்சேரியின் பழைய வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாற்றப்பட்டன. தமிழர் பகுதியிலுள்ள ‘மேசோன் பெருமாள்’, பிரெஞ்சுப் பகுதியிலுள்ள ‘பலே தெ மாஹே’ ஆகியவற்றில் கிரியோல் உணவு பரிமாறப்படுகிறது. லூர்து திருவாஞ்சியம் லூயி எழுதிய ‘தி பாண்டிச்சேரி கிச்சன்’ என்னும் ஆங்கில நூல் 2012இல் வெளிவந்து, வீட்டுப் பக்குவங்கள் பலவற்றை எழுத்தில் பதிவுசெய்தது.

உணவுப் பட்டியலில் ‘கிரியோல்’ என்று அச்சிடப்படுபவை அனைத்தும் இம்மரபைச் சேர்ந்தவை அல்ல. பிரெஞ்சு உணவின்மேல் மசாலா தூவினால் அது கிரியோல் உணவு ஆகிவிடாது. வடகத்தில் தாளிப்பது, காடியில் ஊறவைப்பது, தேங்காய்ப்பாலில் பதமாக வேகவைப்பது ஆகியனவே இதன் அடையாளங்கள். குடும்பங்கள் சென்றுவிட்ட ஊரில் இப்பக்குவங்களைக் காப்பது இப்போது உணவகச் சமையற்காரர்களின் பொறுப்பாகியுள்ளது.