வேலை கொடுத்த விளையாட்டு
மேற்குச் சென்னையின் கதை – 17

ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்த 1955ஆம் ஆண்டைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். அந்த ஆண்டை விட்டு இந்த வாரமும் நகர முடியவில்லை. ஜனவரியில் மாநாடு முடிந்தது. அதே ஆண்டில் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆலை வந்தது. அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை (ஐ.சி.எஃப்.) நேரு திறந்து வைத்தார். அம்பத்தூரில் 1949லேயே டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கப்பட்டிருந்தது. 1964இல் தொழிற்பேட்டை. 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரைவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று ரயில் பாதையின் இரு பக்கமும் ஒரே தலைமுறைக்குள் ஒரு தொழிலாளர் உலகம் எழுந்து நின்றது.

அந்த உலகத்தின் சம்பளப் பட்டியலோடு பிணைந்து வளர்ந்த விளையாட்டு ஹாக்கி. அது இங்கே எப்படி நிலைத்தது, இப்போது ஏன் மூச்சு வாங்குகிறது என்பதுதான் இந்த வாரக் கதை. உலகக் கோப்பைகளின் கதையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது கீழ் டிவிஷன் லீக்கின் கதை. காலையில் ஆடிவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களின் கதை.

ஹாக்கி இந்தியாவுக்குப் பட்டாளத்தோடு வந்தது. 1885இல் கல்கத்தாவில் முதல் கிளப். 1895இல் அங்கேயே பெய்ட்டன் கோப்பை. 1896இல் பம்பாயில் ஆகா கான் கோப்பை. சென்னை அதிகம் பின்தங்கவில்லை. 1901இல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் தன் ஹாக்கிப் போட்டியைத் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய போட்டிகளில் அதுவும் ஒன்று. பட்டாளம் விதைத்ததை ரயில்வே நீர் ஊற்றி வளர்த்தது. ரயில்வே காலனி இருந்த இடத்தில் எல்லாம் ஒரு மைதானம் இருந்தது. மைதானம் இருந்த இடத்தில் எல்லாம் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து மட்டை பிடித்தார்கள்.

இந்த ஆட்டத்தின் பொருளாதாரம் என்னவென்று அறிய ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கை போதும். எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்தவர். கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1935இல் தியான் சந்தோடு நியூசிலாந்து போன ஹாக்கி அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். பெர்லின் போன அணி தங்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்டில்கூட இடம் கிடைக்கவில்லை. இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய கதையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கோபாலனின் திறமையைக் கண்டுகொண்ட சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் முதலில் செய்த காரியம், அவருக்கு பர்மா ஷெல் கம்பெனியில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தது. அந்த வேலை இல்லாமல் இரண்டு விளையாட்டிலும் கோபாலன் இல்லை.

அந்த ஏற்பாடுதான் பிற்காலத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற பெயரில் சட்டதிட்டம் பெற்றது. ரயில்வே, ஐ.சி.எஃப்., ஏ.ஜி. அலுவலகம், வருமான வரித்துறை, இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், தமிழ்நாடு போலீஸ்: சென்னை ஹாக்கி லீக்கின் அட்டவணையைப் பார்த்தால் அரசாங்கத்தின் அலுவலகப் பட்டியலைப் படிப்பதுபோல இருக்கும். பையன் பள்ளியில் நன்றாக ஆடுவான். மாவட்ட அணிக்கு வருவான். ஒரு நாள் டிரயலுக்கு அழைப்பு வரும். கிடைக்கும் வேலை கலாசியோ கிளார்க்கோ கான்ஸ்டபிளோ, எதுவானாலும் பென்ஷன் உண்டு. பயிற்சிக்காக வேலை நேரத்தில் அனுமதி உண்டு. வீட்டில் அம்மா, "மட்டையத் தூக்கிக்கிட்டு எங்கடா போற?" என்று கேட்பதை நிறுத்துவது அந்த நாளில்தான்.

1968 மெக்ஸிகோவில் வெண்கலம் வென்ற அணியின் முனீர் சேட், 1975 கோலாலம்பூர் உலகக் கோப்பை அணியின் வி.ஜே. பிலிப்ஸ், 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் கேப்டன் வி. பாஸ்கரன் எல்லாரும் இந்த மாநிலத்துக்காரர்கள். அப்படி ஒருவர் மேலே வருவதற்குக் கீழே நூறு பேர் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நூறு பேருக்குச் சோறு போட்டது ஒலிம்பிக் சங்கமோ டிக்கெட் வசூலோ கிடையாது. தொழிற்சாலையும் அலுவலகமும்தான்.

இதற்கு இணையான கதை ஒன்று உலகத்தின் மறுபக்கத்தில் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்று ஒரு சிறு நகரம். பெத்லஹேம் ஸ்டீல் ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். அங்கே பனிக்கட்டித் தரை ஹாக்கிக்கு ஜெட்ஸ் என்ற சிறிய அணி 1950இலிருந்து இருந்தது. ஆலைத் தொழிலாளிதான் அதன் ரசிகர். 1977 ஜூலையில் ஊரைப் பெருவெள்ளம் அடித்தது; உருக்காலையும் சரிந்தது; ஜெட்ஸ் அணியும் கலைந்தது. 1988இல் சீஃப்ஸ் என்ற வேறு அணி வந்து, 2010வரை தாக்குப்பிடித்து, அதுவும் வேறு ஊருக்குப் பெயர்ந்தது. அங்கே தொழிலாளி டிக்கெட் வாங்கினார். இங்கே தொழிலாளியே ஆடினார். இரண்டு இடத்திலும் ஆலை தும்மினால் அணிக்குக் காய்ச்சல்.

நம் ஊரில் முதல் அடி தரையின் வழியாக வந்தது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி நடந்தது. அதுவரை ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்கு விழுந்தது. அன்றிலிருந்து செம்மண் தரையில் கற்ற ஆட்டம் பாதி ஆட்டமாகிவிட்டது. கட்டாந்தரையில் பந்து குதிக்கும். அதை மட்டையில் ஒட்டவைத்து ஓட்டுவதுதான் கலை. டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். கால் வேகமும் பாஸின் கணக்கும்தான் அங்கே கலை. ஒன்றில் பத்து வருடம் பழகியவன் மற்றொன்றில் முதல் நாள் ஆடும்போது பிறர் பார்வையில் கற்றுக்குட்டியாகத் தெரிவான். எத்தனை நல்ல கால்கள் அந்த முதல் நாளோடு நின்றிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஆறவே ஆறாது.

முழு அளவு ஹாக்கித் தரை 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். விரிக்கக் கோடிகளில் செலவாகும். ஏறக்குறைய பத்து ஆண்டில் தேய்ந்துவிடும். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் 1996 சாம்பியன்ஸ் டிராபி நடந்தது. 2005இல் மறுபடியும் நடந்தது. 2007 ஆசியக் கோப்பை இறுதியில் தென் கொரியாவை இந்தியா 7-2 என்று நொறுக்கியதும் அங்கேதான். பெருமையான மைதானம். ஆனால் நீண்ட காலம் நகரத்துக்கே அந்த ஒரு டர்ஃபை நம்பித்தான் ஆட்டம் நடந்தது. சூப்பர் டிவிஷனும் அதில்தான், பள்ளிப் போட்டியும் அதில்தான், பயிற்சி முகாமும் அதில்தான். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருக்கும் ஒரு பையன் விடியற்காலைப் பயிற்சிக்கு அங்கே வந்து சேர, இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பயிற்சி முடிந்து பள்ளிக்கூடத்துக்கு அதே தூரம் திரும்ப வேண்டும். இதில் திறமைக்கு இணையாகச் சோதிக்கப்படுவது அவன் தாயின் பொறுமை.

பூந்தமல்லிக்காரர்களுக்கு நன்றாகப் புரியும் இன்னொரு கணக்கு தண்ணீர். இந்தத் தரைகளில் பெரும்பாலானவற்றை ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் நனைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான லிட்டர் போகும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததைப் பார்த்த ஊரில், குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களிடம் ஹாக்கித் தரைக்குத் தண்ணீர் வேண்டும் என்று எந்த வார்டு உறுப்பினர் கேட்பார்? நீர் குறைவாகக் கேட்கும் தரைகளை நோக்கி உலக ஹாக்கிக் கூட்டமைப்பே இப்போது நகர்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் நீர்ச் செலவைக் குறைத்த தரை விரித்தார்கள். நம்மைப்போன்ற ஊர்களுக்கு இது தாமதமாக வந்த நல்ல செய்தி.

இதற்கு நடுவே, பணம் கொழிக்கும் லீக் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று மூன்று முறை நம்பவைக்கப்பட்டோம். 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக். சென்னை வீரன்ஸ் என்று ஒரு அணி. நான்கு சீசனில் கதை முடிந்தது. அது முடிந்த 2008ஆம் ஆண்டில்தான் இந்தியா 80 ஆண்டுகளில் முதல்முறையாக ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல் போனது. தேசியக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்யப்பட்டது. பிறகு இரண்டு அமைப்புகள் மல்லுக்கு நின்றன. அந்தச் சண்டைக்கு நடுவே 2012இல் வேர்ல்ட் சீரீஸ் ஹாக்கி வந்தது, சென்னை சீட்டாஸ். ஒரே சீசன். அடுத்து 2013 முதல் 2017வரை நடந்த ஹாக்கி இந்தியா லீகில் சென்னைக்கு அணியே கிடையாது. அந்த லீக் 2024 டிசம்பரில் உயிர் பெற்றபோது தமிழ்நாடு டிராகன்ஸ் வந்தது, நான்காம் இடம் பிடித்தது. ஆனால் அந்த முதல் சீசன் ஆண்கள் ஆட்டங்கள் முழுவதும் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தன. அணியின் பெயரில் இருந்த ஊர் அணியை நேரில் பார்க்கவில்லை.

இந்த லீக்குகள் மேல்மாடி. கீழ் வீட்டுச் சுவர் சரிந்துகொண்டிருப்பதை அவை கவனிக்கவே இல்லை. அந்தச் சுவர் வேலைவாய்ப்பு. வங்கிகள் ஆள் எடுப்பதைக் குறைத்தன. தொழிற்சாலைகளில் நிரந்தரப் பணியாளர் ஓய்வுபெற்ற இடத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளி வந்தார். ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடையாது, பயிற்சிக்கு அனுமதி நேரமும் கிடையாது. 2021 அக்டோபர் 1ஆம் தேதி, ராணுவத் தளவாட ஆலைகளை நடத்திவந்த ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்கள் ஆனபோது ஆவடி டாங்கி தொழிற்சாலை ஒரு நிறுவனத்திலும், அங்குள்ள ராணுவ உடைத் தொழிற்சாலை இன்னொன்றிலும் போய்ச் சேர்ந்தன. லாபக் கணக்கு காட்ட வேண்டிய நிறுவனத்தில் விளையாட்டு அணிக்கான செலவு முதலில் கேள்விக்குள்ளாகும். அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இடத்துக்குத் தேசியப் பதக்கம் வென்ற எல்லா விளையாட்டுக்காரரும் போட்டியிடுவார்கள். மூன்றாம் டிவிஷன் ஹாஃப்பேக் அந்த வரிசையில் எங்கே நிற்பார்?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1901இல் தொடங்கிய அந்தப் பழைய போட்டி இன்று எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பை. அதற்குப் பொருள் தருவது அம்பத்தூரில் சைக்கிளும் ஆவடியில் குழாயும் செய்து வளர்ந்த அதே குழுமம். மேற்குப் புறநகரின் உழைப்பில் ஒரு பங்கு ஹாக்கிக்குத் திரும்புகிறது என்று எடுத்துக்கொண்டு நான் மகிழ்கிறேன். ஆனாலும் அது சில நாள் திருவிழா. நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடிவிட்டுப் போகும். வருடம் முழுவதும் ஆட இடமும் எதிரணியும் வேண்டியவன் கொரட்டூர்ப் பையன்.

சிற்றூரில் ஹாக்கி வாழ முடியாது என்பவர்கள் கோவில்பட்டிக்குப் போய் வரட்டும். தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் செய்கிற ஊர். அங்கே பள்ளிக்குப் பள்ளி அணி உண்டு, தெருவுக்குத் தெரு முன்னாள் ஆட்டக்காரர் உண்டு. உள்ளூர் ஆலை முதலாளி குடும்பத்தின் ஆதரவில் அகில இந்தியப் போட்டி நடக்கிறது, அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது, டர்ஃப் இருக்கிறது. அந்த மண்ணிலிருந்து மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சீருடை அணிந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் கோவில்பட்டியின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. அதே கணக்கெடுப்பில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் சேர்த்து ஏறக்குறைய எட்டு லட்சம். எனவே ஆள் பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை. கோவில்பட்டியில் ஆட்டம் ஊருக்குச் சொந்தம்; இங்கே அது நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. நிறுவனம் கையை எடுத்ததும் தாங்கிப்பிடிக்க ஊர் பழகியிருக்கவில்லை.

நெதர்லாந்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சந்தா கட்டி ஹாக்கி கிளப்பில் உறுப்பினராக இருக்கிறார்கள். அப்பா ஆடிய கிளப்பில் மகள் ஆடுகிறாள். சனிக்கிழமை அம்மா அணியை வண்டியில் ஏற்றிச் செல்கிறாள். அந்த அளவு சந்தாவை நம் குடும்பங்களிடம் கேட்க முடியாது. மட்டை ஒன்றே சில ஆயிரம் ரூபாய். கோல்கீப்பருக்கான கவசம் முழுதாக வாங்கப் பல பத்தாயிரங்கள். அதை யாராவது தூக்கிச் சுமக்கத்தான் வேண்டும்.

அதனால் இந்த வாரம் வரலாற்றோடு நிறுத்தாமல் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது. முழு டர்ஃபுக்கு இடமும் நீரும் இல்லையென்றால், ஐவர் ஹாக்கிக்கான ஏறக்குறைய பாதி அளவுத் தரையையாவது, நீர் கேட்காத வகையில், மாநகராட்சி தன் எல்லைக்குள் விரிக்கட்டும். சுற்றியுள்ள பள்ளிகளுக்கு நேரம் பிரித்துக் கொடுக்கட்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாபம் ஈட்டும் நிறுவனங்கள், கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் 2 சதவீதத்தில் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சிக்கும் இடம் உண்டு என்பதை நினைவில் வைக்கட்டும். அதற்கும் மேலாக, ஆண்டுக்கு இரண்டு ஆட்டக்காரருக்கு நிரந்தர வேலை தரட்டும். கோபாலனுக்கு ஒரு கம்பெனி செய்தது அதுதான்.

மூன்றாவது, வாசகரே, உங்களிடம். எழும்பூரில் லீக் ஆட்டம் நடக்கும் காலையில் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்திய அணி ஆடும் நாளில் நிரம்பும் அந்தக் காலரியில், கீழ் டிவிஷன் ஆட்டத்துக்கும் ஐம்பது பேர் உட்கார்ந்து கைதட்டினால், ஆடுகிறவனுக்கு அது அடுத்த வாரம் வரக் காரணமாகும்.

(தொடரும்)