பூந்திக்கொட்டை முதல் தஸ்பீஹ் வரை

மணி ஒன்றே, கோப்பவரின் நோக்கமே அதனை அணிகலனாகவோ வணக்கக் கருவியாகவோ ஆக்குகின்றது.

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான மணிகள் வெளிப்பட்டன. அங்கு ஈமக்குழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் ஏறத்தாழ கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. அத்துணைப் பழைய நாளிலேயே நம் மண்ணில் மணி அணிகலனாய் விளங்கியது.

மணியைக் கொண்டு வணக்கத்தை எண்ணும் வழக்கமும் பாரத நாட்டில் தோன்றியதே. பௌத்தரின் மாலையில் மணிகள் 108. மனத்தின் 108 மாசுகளை அவை குறிப்பதாகக் கூறுவர். அம்மாலைக்குப் பொன்னும் பவளமும் வேண்டப்படவில்லை. சீன மொழியில் நிலைத்துள்ள பழைய பௌத்த நூலொன்று, துயருற்ற மன்னன் ஒருவனை 108 பூந்திக்கொட்டைகளைக் கோத்து எண்ணுமாறு பணிக்கின்றது. நம் தாய்மார் பட்டும் நகையும் துலக்க ஊறவைக்கும் கொட்டையின் இனமே அது!

எளிமையில் பிறந்த அம்மாலை பின்னர் அரசவை ஏறியது. 1644 முதல் 1912 வரை சீனத்தை ஆண்ட சிங் மரபில் உயர் அலுவலர்கள் 108 மணி மாலை அணிந்தனர். மணியின் வகை பதவியின் உயர்வைக் காட்டியது. எண்ணுதல் மறைந்தது, பகட்டு எஞ்சியது.

நம் மார்க்கத்தின் நிலை யாது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரல்களாலேயே எண்ணினார்கள். திரிகை சுற்றிக் கைகள் காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்கள் பணியாள் வேண்டியபோது, ‘ஸுப்ஹானல்லாஹ்’ 33, ‘அல்ஹம்து லில்லாஹ்’ 33, ‘அல்லாஹு அக்பர்’ 34 முறை ஓதக் கற்பித்தார்கள். கோத்த மணிகள் பிற்காலத்தில் கிழக்கிலிருந்து வந்தன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதனைப் புதுமையென விலக்கிய ஆலிம்களும் உண்டு. 1505இல் மறைந்த எகிப்து நாட்டுப் பேரறிஞர் ஸுயூத்தி (ரஹ்) போல் ஆதரித்துத் தனி நூல் எழுதியோரும் உண்டு.

அயலாரிடமிருந்து வந்தது என்பதற்காக நாம் நாண வேண்டியதில்லை. நாண வேண்டியது வேறொன்றுக்கு. ஹஜ்ஜிலிருந்து வரும் தஸ்பீஹ் இன்று கண்ணாடிப் பேழையிலும் காரின் முகப்பிலும் அழகுக்காகத் தொங்குகின்றது. சீன அரசவை மாலைக்கு நேர்ந்த கதி இதற்கும் நேரலாமா?

நூல் அறுந்தால் மணிகள் சிதறும். விரல்களோ மறுமையில் பேசவைக்கப்பட்டுச் சாட்சி கூறும் எனப் பெருமானார் (ஸல்) அறிவித்துள்ளார்கள். அவை சொல்லும் சாட்சிக்கு உரியவற்றை இன்றே எண்ணுவோமாக!