பாடசாலைகளில் இனிப்பின் இடம்

வகுப்பறையில் போசாக்கைப் பற்றிக் கற்கும் பிள்ளை, இடைவேளை மணி ஒலித்ததும் சிற்றுண்டிச்சாலையில் றோல்ஸும் இனிப்புப் பானமும் வாங்குகின்ற முரண்பாடு நமது நாட்டிற்குப் புதியதன்று. இதனைச் சீர்செய்யும் நோக்கில், சிற்றுண்டிச்சாலைகளின் நடத்துகை தொடர்பாகக் கல்வி அமைச்சு 2015ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடும் கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவெனில் பச்சை, இடைப்பட்டவை செம்மஞ்சள். சிவப்புக் குறியுள்ள 250 மில்லிலீற்றர் பானத்தில் ஐந்து தேக்கரண்டிக்கு மேற்பட்ட சீனி அடங்கியுள்ளது.

விதிகள் இருந்தும் நிலைமை மாறத் தயங்குவதேன்? பல பாடசாலைகளில் சிற்றுண்டிச்சாலை குத்தகைக்கு விடப்படுகின்றது. கூடிய தொகை செலுத்தி அதனைப் பெறுபவர், இலைக்கஞ்சியையும் அவித்த கடலையையும் விற்று அத்தொகையை ஈட்டுவது எளிதன்று. மாவும் எண்ணெயும் சீனியுமே அவருக்குக் கைகொடுக்கின்றன. குத்தகைப் பணமோ பாடசாலையின் தேவைகளுக்கே செல்கின்றது. ஆகவே குற்றத்தை வியாபாரியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

வகுப்பறைப் பரிசுகளும் கவனத்திற்குரியவை. சரியான விடைக்கு ரொபி வழங்கும் ஆசிரியரின் அன்பு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. எனினும், அமெரிக்க உளவியலாளர் லியான் பேர்ச்சும் சகாக்களும் 1980இல் வெளியிட்ட ஆய்வு, பரிசாகக் கொடுக்கப்படும் உணவின் மீது சிறுவர்களின் நாட்டம் பெருகுவதைக் காட்டியது. ஒரு பென்சிலோ, கதைப் புத்தகத்தை முதலில் வாசிக்கும் உரிமையோ இத்தகைய விளைவை ஏற்படுத்தாது.

கொண்டாட்டங்களுக்கு முன்மாதிரியை வெளியே தேட வேண்டியதில்லை. வாணி விழாவில் அவலும் கடலையும் பழமும் உண்டு வளர்ந்த தலைமுறை அதனை ஒரு குறையாகக் கருதியதில்லை. பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் கேக் வழங்கும் வழக்கம், வசதியற்ற பெற்றோரைச் சங்கடத்திற்குள்ளாக்குவதையும் அதிபர்கள் அறிவர்.

நிதி சேகரிப்பிலும் நம்மிடையே நல்ல வழிகள் உள்ளன. ஆரம்பப் பிரிவுகளின் மாணவர் சந்தையில் வீட்டுத் தோட்டத்துக் கீரையும் முருங்கைக்காயும் வாழைப்பழமும் விலைபோகின்றன. பிள்ளைகள் கணக்கையும் கற்கின்றனர். பழைய மாணவர்களின் நடைபவனியோ நிதியுடன் உடற்பயிற்சியையும் தருகின்றது. இவ்வருமானம் குத்தகைப் பணத்தின் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்யுமாயின், அடுத்த முறை சிற்றுண்டிச்சாலைக்கு விண்ணப்பம் கோரும்போது, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் முன்வைக்கப்படும் தொகைக்கு முன்னர் உணவுப் பட்டியலைப் பார்க்க இயலும்.