கடலில் மீன் எங்கே இருக்கு? செயற்கைக்கோள் சொல்வது எப்படி? காரைக்கால்மேடு மீனவர்கள் கவனிக்க வேண்டிய எல்லைக்கோடு

காரைக்கால்மேட்டில் இருந்து தங்கு கடலுக்குக் கிளம்பும் விசைப்படகுக்குப் பெரிய செலவு எதுன்னு கேட்டால், யாரும் யோசிக்காமல் சொல்லும் பதில் டீசல். அந்த டீசலில் கணிசமான பங்கு வலை இழுக்க எரிவதில்லை, மீனைத் தேடி அலைவதில்தான் எரிகிறது. கரையில் இருந்து பார்த்தால் ஒரே நீலமாகத் தெரியும் கடலில் மீன் எல்லா இடத்திலும் இருக்காது. அங்கங்கே கூட்டமாக இருக்கும், நடுவில் மைல் கணக்கில் ஒன்றும் இருக்காது.

இந்தத் தேடலைக் குறைக்கத்தான் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கிறது. தமிழிலும் இது கிடைக்கிறது. ஆனால் இது எப்படிக் கணிக்கப்படுகிறது, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது பலருக்கும் தெளிவாக இல்லை.

செயற்கைக்கோள் மீனைப் பார்க்கிறதா?

இல்லை. இதுதான் முதல் குழப்பம். செயற்கைக்கோள் பார்ப்பது இரண்டு விஷயங்களை: கடல் மேற்பரப்பின் வெப்பநிலை, கடல் நீரின் நிறம்.

நிறம் எதுக்கு? கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத தாவர நுண்ணுயிர்களில் பச்சையம் இருக்கிறது. அது அதிகமான இடத்தில் நீரின் நிறம் லேசாக மாறும். 2022 நவம்பர் 26-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட ஓசன்சாட்-3 செயற்கைக்கோளின் முக்கிய வேலைகளில் ஒன்று இந்த நிறத்தைப் படம் பிடிப்பது. தாவர நுண்ணுயிர் இருக்கும் இடத்துக்கு அதைத் தின்னும் நுண்விலங்குகள் வரும். அதைத் தின்ன மத்தி, நெத்திலி மாதிரி சின்ன மீன்கள் வரும். அவற்றைத் துரத்தி சூரை, வஞ்சிரம் வரும். செயற்கைக்கோள் பார்ப்பது சாப்பாட்டுப் பந்தியை, சாப்பிட வருபவர்களை இல்லை.

வெப்பநிலையின் கதை இன்னும் சுவாரசியமானது. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் இடத்தில் ஒரு விளிம்பு உருவாகும். அங்கே கீழே இருக்கும் சத்துகள் மேலே வரும், மிதப்பவை எல்லாம் ஒதுங்கும். மீனும் அங்கேதான் கூடும். அமெரிக்காவின் பெரிய காடுகளில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் காடு முழுக்கச் சுற்றமாட்டார்கள். காடும் வெட்டவெளியும் சேரும் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், விடியற்காலையில் குரல் கேட்டுத் திசையைக் குறித்துக்கொள்வார்கள். காட்டில் ஓரம் என்றால், கடலில் இந்த நீர் விளிம்பு.

காரைக்கால்மேட்டுப் பெரியவர்களுக்கு இது புதுசு இல்லை. நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, நீர் எங்கே கலங்கி எங்கே தெளிகிறது, ஆலாப் பறவைகள் எங்கே வட்டமிட்டு விழுகின்றன என்று பார்த்து, இதே விளிம்பைத்தான் அவர்கள் கண்ணால் பிடித்தார்கள். இருட்டில் மீன் கூட்டம் நகரும்போது நீர் மினுங்குவதை வைத்தும் வலை விட்டார்கள். கரையில் தெரியும் கலங்கரை விளக்கத்தையும் நாகூர் தர்கா மினாராவையும் கோடு சேர்த்து இடத்தை நினைவில் வைத்தார்கள். ஜிபிஎஸ் வந்தபிறகு கடைசிப் பழக்கம் மட்டும் கிட்டத்தட்ட போய்விட்டது.

அறிவிப்பில் என்ன இருக்கும்?

ஒவ்வொரு மீன் இறங்குதளத்தில் இருந்தும் திசை, டிகிரி, தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை தரப்படும். டிகிரி கணக்கு எளிது: 0 வடக்கு, 90 நேர் கிழக்கு, 180 தெற்கு. காரைக்கால் கிழக்கே பார்த்த கரை என்பதால் 90-ஐ ஒட்டிய எண் என்றால் நேராக ஆழ்கடலுக்கு. எண் ஏற ஏற படகு கோடியக்கரைப் பக்கம் திரும்புகிறது என்று அர்த்தம். அந்தத் திசையில்தான் கவனம் வேண்டும், காரணத்தைக் கீழே பார்ப்போம்.

நீர் விளிம்பு ஒரே இடத்தில் நிற்காது, நீரோட்டத்தோடு நகரும். அதனால் நேற்றைய எண்ணை வைத்துக்கொண்டு இன்றைக்குப் போவது வீண்.

எப்போது கைகொடுக்காது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மூடினால், நிறத்தையும் வெப்பநிலையையும் படம் பிடிக்க முடியாது. டெல்டா கரையில் அந்த மாதங்களில் அறிவிப்பு விட்டுவிட்டு வருவது இதனால்தான். கரையை ஒட்டிய இடத்தில் ஆற்று வண்டல் கலந்தாலும் நிறக் கணக்கு குழம்பும். அரசலாறு முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கும் காரைக்கால்மேட்டுக்கு இது முக்கியம்.

இன்னொன்று: இது மேல்நீரில் திரியும் மீன்களுக்கான கணிப்பு. மத்தி, அயிலை, சூரை தேடுபவர்களுக்குப் பயன் அதிகம். அடியில் கிடக்கும் இறாலையும் நண்டையும் இழுவலையில் பிடிப்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

சிக்னல் போன பிறகு?

கரையில் இருந்து கொஞ்ச தூரத்திலேயே செல்போன் செத்துவிடும். அதற்காக 2019-ல் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது (செயற்கை நுண்ணறிவு செயலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு). செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையையும் மீன் பகுதித் தகவலையும் வாங்கி, புளூடூத் மூலம் போனுக்கு அனுப்பும். ஆனால் படகில் இருந்து பதில் அனுப்ப முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க, இரு பக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலியில் மீன் பகுதித் தகவலோடு எல்லை நெருங்கினால் எச்சரிக்கும் வசதியும் இருக்கிறது.

எல்லைக்கோடு ஏன் இதில் வருகிறது?

மீன் கூடும் விளிம்பு 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட இந்திய-இலங்கை கடல் எல்லையில் நின்றுவிடுவதில்லை. காரைக்காலில் இருந்து நேர் கிழக்கே எல்லை ரொம்ப தூரம். தெற்கே கோடியக்கரையைத் தாண்டப் போகப் போக நெருங்கிவிடும்.

2025 ஜனவரி 28 அதிகாலை நெடுந்தீவு அருகே, காரைக்காலில் இருந்து போன படகில் இருந்த 13 மீனவர்களை இலங்கை கடற்படை பிடித்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. 2 பேர் பலத்த காயமடைந்து யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தள்ளுமுள்ளில் தவறுதலாக நடந்தது என்றது இலங்கைத் தரப்பு. டெல்லியில் உள்ள இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது இந்தியா.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடிமடி இழுவலையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் பக்க இழுவலைகளால் தங்கள் வலை அறுந்து மீன்வளம் அழிகிறது என்று வட மாகாணத் தமிழ் மீனவர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். டீசல் காசையாவது எடுக்க வேண்டும் என்ற நெருக்கடியில் கோடு தாண்டும் படகுக்குத் தன் கரைப் பக்கத்திலேயே மீன் இருக்கும் இடம் தெரிந்தால், அந்த நெருக்கடி கொஞ்சமாவது தளரும். ஆனால் எல்லா வலைக்கும் அது பொருந்தாது என்பதை மேலே பார்த்தோம்.

தடைக்காலத்தில்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் மீன் பகுதி அறிவிப்பும் வராது. தடையில் இருந்து விலக்கு உள்ள ஃபைபர் படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும். அவர்களுக்கு அந்த இரண்டு மாதமும் பழையபடி நீவாடும் ஆலாவும்தான்.