பந்தற்கால்கள் சொன்ன சாட்சி



போன கிழமை மாணவன் ஒருவன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். "சேர், இது பெர்கோலா. வெளிநாட்டுத் தோட்டங்களில கட்டுறது." பார்த்தேன். நாலு கால், மேலே சட்டம், அதில் படரும் கொடி. நம்முடைய உம்மம்மாமார் பந்தல் என்று சொன்னது இதைத்தான்.

பெர்கோலா லத்தீன் வழிவந்த இத்தாலியச் சொல். ஆனால் பந்தல் அதைவிடப் பழையது. எகிப்தில் தீப்ஸ் நகரத் தலைவராக இருந்த சென்னெபரின் கல்லறைக் கூரையில் திராட்சைப் பந்தல் வரையப்பட்டிருக்கிறது. அதற்கு வயது ஏறத்தாழ 3400 ஆண்டுகள். அல்குர்ஆனில் ஸூரா அல்அன்ஆமின் 141ஆம் வசனம், பந்தலில் படரும் தோட்டங்களையும் பந்தல் இல்லாதவற்றையும் அல்லாஹ்வின் படைப்பாகக் குறிப்பிடுகிறது. பத்ர் களத்தில் நபி (ஸல்) அவர்களுக்கு அமைத்த நிழற்குடிலின் பெயர் 'அரீஷ்'. அந்த வசனத்தில் வரும் பந்தலுக்கான சொல்லும் இதுவும் ஒரே வேர். தமிழில், படரக் கொம்பில்லாத முல்லைக்குத் தன் தேரையே கொடுத்த பாரியை எல்லோருக்கும் தெரியும்.

நம் தீவில் மணலும் வெயிலும் காற்றும்தான். ஆகவே கிணற்றடியில் பந்தல் போட்டார்கள். குளித்த தண்ணீர் வீணாகாமல் பாகலுக்கும் புடோலுக்கும் போகும். மேலே பனைமட்டை, பழைய வலை. கால்களுக்குப் பூவரசங் கதியால். பச்சையாக நட்டால் வேர்விட்டுத் தளிர்க்கும். கொடி காய்க்க, கீழே நிழல் கிடைக்கும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தீவின் சனங்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தளத்துக் கிடுகுக் குடிசை வாசலிலும் எங்கள் உம்மா ஒரு பாகல் விதை ஊன்றினார். ஆனால் கதியால் நடவில்லை, ஈர்க்கும் கயிறும்தான் கட்டினார். "திரும்பிப் போற ஆக்கள் தானே" என்பார்.

யுத்தம் முடிந்து வந்து பார்த்தபோது வீடு இல்லை, வேலி இல்லை, வளவெல்லாம் பற்றை. கிணறும் தூர்ந்திருந்தது. உம்மா மட்டும் நேரே நடந்துபோய் நின்றார். சதுரமாக நாலு பூவரச மரங்கள். அவர் நட்ட பந்தற்கால்கள்! அங்கிருந்து அடி அளந்துதான் கிணற்றையும் அடுப்படியையும் கண்டுபிடித்தோம்.

மன்னர்களின் வரலாற்றைப் புத்தகம் சொல்லும். நம் வளவுகளின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும். உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: பந்தல் எங்கே நின்றது, என்ன கொடி, யார் நட்டது? கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.