செய்தி வழங்கிகளும் தானியங்கிக் கண்காணிப்பு விதிகளும்

யூஸ்நெட் என்பது வலைத்தளங்கள் தோன்றுவதற்கு முன்பே உலகின் பல நாடுகளில் பரவியிருந்த செய்திக்குழு வலையமைப்பு. இதற்கு மையக் கணினி கிடையாது. ஒரு பல்கலைக்கழகத்தின் செய்தி வழங்கியில் ஒருவர் எழுதிய செய்தி பக்கத்து வழங்கிக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் நகலாகிச் சென்றது. ஒவ்வொரு வழங்கியும் முழு நகலை வைத்திருந்ததால் ஒவ்வொரு வழங்கியின் நிர்வாகியும் தன் எல்லைக்குள் அரசர். தேவையற்ற செய்தியை நீக்க வேண்டுமானால் யார் நீக்குவது, எந்த அளவுகோலைக் கொண்டு நீக்குவது, அதை ஒரு நிரலிடம் விட்டுவிடலாமா என்ற கேள்விகள் இதிலிருந்தே பிறந்தன. இன்று சமூக ஊடகங்களைப் பற்றிக் கேட்கப்படும் இக்கேள்விகளில் பெரும்பாலானவை 1990-களிலேயே யூஸ்நெட்டில் கேட்கப்பட்டுவிட்டன.

தொடக்கம்

1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் இதற்குத் திட்டமிட்டனர். அருகிலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதினார். கணினிகள் தொலைபேசி வழியே ஒன்றையொன்று அழைத்துச் செய்திகளைப் பரிமாறிக்கொண்டன. 1986 பிப்ரவரியில் பிரையன் கான்டர், பில் லாப்ஸ்லி ஆகியோரின் முயற்சியால் என்என்டிபி நெறிமுறை ஆர்எஃப்சி 977 என்ற ஆவணமாக வெளிவந்தது. செய்தி வழங்கிகள் இணையத்தின் வழியே நேரடியாகப் பேசிக்கொள்ள இது வழிசெய்தது. 1992-இல் ரிச் சால்ஸ் வெளியிட்ட ஐஎன்என் என்ற மென்பொருள்தான் பின்னர் பெரும்பாலான வழங்கிகளில் குடியேறியது.

இந்தியாவில் 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தின் மூலம் கல்வி நிறுவனங்கள் வலையமைப்புக்குள் வந்தன. சென்னை ஐஐடி அதில் தொடக்கம் முதலே இருந்தது. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-க்குப் பிறகுதான். அதற்கு முன்பே வெளிநாடுகளில் படித்த தமிழ் மாணவர்கள் சோக்.கல்ச்சர்.தமிழ் என்ற செய்திக்குழுவில் திரைப்படம், இலக்கியம், அரசியல், இலங்கை நிலவரம் என எல்லாவற்றையும் விவாதித்துக்கொண்டிருந்தனர். தமிழ் எழுத்தைத் திரையில் காட்ட வழியில்லாத காலம் என்பதால், ரோமன் எழுத்தில் தமிழ் எழுதப்பட்டது. ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல், ழகரம் ஒன்றுக்கே பல வடிவங்கள்.

வழங்கி தன்னைத்தானே கவனித்தல்

முதலில் எழுந்த தேவை கருத்துக் கட்டுப்பாடு அல்ல. வட்டில் இடம் காலியாவது. செய்திகள் நாள் முழுவதும் வந்து குவிந்தால் வட்டு நிரம்பி வழங்கி முடங்கிவிடும். ஆகவே ஐஎன்என்-இல் எக்ஸ்பயர்.சிடிஎல் என்ற கோப்பில் எந்தக் குழுவின் செய்தியை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று நிர்வாகி எழுதிவைப்பார். இரவில் ஓடும் நிரல் காலாவதியானவற்றைக் கழித்துவிடும்.

இன்வாட்ச் என்ற துணை நிரல் இன்னும் சுவையானது. இது வழக்கமாக 600 நொடிக்கு ஒருமுறை விழித்து, கணினியின் சுமையையும் வட்டில் மீதமுள்ள இடத்தையும் பார்க்கும். இயல்பான அமைப்பில் சுமை 15-ஐத் தாண்டினால் செய்தி வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தும். 20-ஐத் தாண்டினால் வழங்கியை இறுக்கிப் பிடிக்கும். 10-க்குக் கீழே இறங்கிய பிறகே மீண்டும் திறந்துவிடும்.

நிறுத்தும் எண்ணும் திறக்கும் எண்ணும் வேறுவேறாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் 15 ஆகவே இருந்தால் சுமை 15-ஐ ஒட்டி ஏறி இறங்கும்போதெல்லாம் வழங்கி நின்று நின்று ஓடும். வீட்டு மேல்நிலைத் தொட்டிக்குத் தானியங்கி மோட்டார் வைப்பவர்கள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு உணரிகள் பொருத்துவதற்கும் காரணம் இதுவே. கண்காணிப்பு விதி எழுதப் பழகும் மாணவர்கள் முதலில் தவறவிடுவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியைத்தான்.

நீக்கற் செய்தி

யூஸ்நெட்டின் நெறிமுறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எழுதியவர் தன் செய்தியைத் திரும்பப் பெற விரும்பினால் 'நீக்கற் செய்தி' ஒன்றை அனுப்பலாம்; அதைப் பெறும் வழங்கிகள் குறிப்பிட்ட செய்தியை அழித்துவிடும். ஆனால் அனுப்புநர் பெயரைப் பொய்யாக எழுதுவது எளிது. அதாவது, யாரும் யாருடைய செய்தியையும் உலகம் முழுவதும் அழித்துவிட முடியும். குழுக்களை உருவாக்கவும் நீக்கவும் இதுபோன்ற கட்டளைச் செய்திகள் இருந்தன.

இந்த ஓட்டையில் கைவைத்தவர்களில் புகழ்பெற்றவர் அமெரிக்கர் ரிச்சர்ட் டெப்யூ. பின்லாந்திலிருந்த அனான்.பெனட்.ஃபை என்ற சேவை வழியாகப் பெயர் மறைத்து எழுதுவோரின் செய்திகளைத் தானாகவே கட்டுப்படுத்த ஏஆர்எம்எம் என்ற நிரலை அவர் எழுதினார். 1993 மார்ச் இறுதியில் அது ஓடியபோது, தான் வெளியிட்ட செய்தியையே கட்டுப்படுத்த வேண்டிய செய்தியாக எடுத்துக்கொண்டது. அதற்கொரு செய்தி வெளியிட்டது. பிறகு அந்தச் செய்திக்கும் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் தலைப்பு நீண்டுகொண்டே போனது. சிவகாசிச் சரவெடியில் ஒரு வெடியின் நெருப்பு அடுத்த திரியைப் பற்றவைப்பதுபோலத்தான். ஒரே வேறுபாடு, சரம் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும்; இந்த நிரல் தன் சரத்தைத் தானே பின்னிக்கொண்டிருந்தது. வழங்கி நிர்வாகிகள் கொள்கை பேசும் நியூஸ்.அட்மின்.பாலிசி குழுவில் சுமார் 200 செய்திகள் குவிந்தன. அதுவரை இணைய விளையாட்டாளர்களிடையே புழங்கிய 'ஸ்பேம்' என்ற சொல் இந்தச் சம்பவத்தை ஒட்டியே யூஸ்நெட்டில் நிலைபெற்றது. தமிழில் இப்போது எரிதம் என்கிறோம். வேண்டாத செய்தியைத் தடுக்க எழுதப்பட்ட நிரலே அந்தச் சொல் நிலைபெறக் காரணமாயிற்று.

அடுத்த ஆண்டு எதிர்த்திசையிலிருந்து வந்த பாடம் இது. செர்தார் ஆர்ஜிக் என்ற பெயரில் ஒரு கணக்கு, 'டர்க்கி' என்ற சொல் எங்கு வந்தாலும் ஆர்மீனிய இனப்படுகொலையை மறுக்கும் நீண்ட பதிலைப் போட்டது. துருக்கி நாட்டுக்கும் வான்கோழிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் வான்கோழிச் சமையல் குறிப்புக்கும் அதே பதில் விழுந்தது. எழுதுவது மனிதர் அல்ல, சொல் தேடும் நிரல் என்ற ஐயம் இதனால்தான் வலுத்தது. 1994 ஏப்ரலில் அந்தக் கணக்கு ஓய்ந்தது.

சொல்லைக் கொண்டு விதி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. ரோமன் எழுத்தில் தமிழ் எழுதிய குழுவில் நிலைமை இன்னும் சிக்கல். ஒரே சொல்லை ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதும் இடத்தில் சொற்பட்டியலால் எதைப் பிடிக்க முடியும்? பிடிக்க வேண்டியது தப்பும். ஆங்கிலச் சொல் ஒன்றோடு தற்செயலாக ஒத்துப்போகும் தமிழ்ச்சொல் மாட்டிக்கொள்ளும்.

எண்ணிக்கையை அளத்தல்

1994 ஏப்ரல் 12 அன்று கேன்டர், சீகல் என்ற அமெரிக்க வழக்கறிஞர் தம்பதியினர் பச்சை அட்டைக் குலுக்கல் பற்றிய விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் இட்டனர். நார்வேயைச் சேர்ந்த ஆர்ன்ட் குல்பிரான்ட்சன் அவர்களின் விளம்பரங்களைத் தேடி நீக்கும் நிரலை எழுதினார். 'கேன்சல்மூஸ்' என்ற புனைபெயரில் இன்னொருவரும் களத்தில் இறங்கினார். பலர் கைதட்டினர். ஆனால் நீக்குபவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார் என்று கேட்டவர்களும் இருந்தனர். இன்று விளம்பரம், நாளை பிடிக்காத கருத்து என்றால்?

இதற்குக் கிடைத்த விடை ஒரு கணக்கு. சேத் பிரைட்பார்ட்டின் பெயரால் பிரைட்பார்ட் குறியீடு என்று அழைக்கப்படும் இக்கணக்கில் செய்தியின் உள்ளடக்கத்துக்கு இடமே இல்லை. ஒரு செய்தியின் ஒவ்வொரு நகலும் எத்தனை குழுக்களுக்கு அனுப்பப்பட்டதோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 45 நாட்களுக்குள் கூட்டுத்தொகை 20-ஐ எட்டினால் அது எரிதம், நீக்கலாம். ஒன்பது குழுக்களுக்கு ஒரே செய்தியாக அனுப்பினால் மதிப்பு 3 மட்டுமே. அதையே ஒன்பது தனித்தனிச் செய்திகளாக அனுப்பினால் 9. ஒரே செய்தியைப் பல குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பும்போது வழங்கி ஒரு நகலைத்தான் சேமிக்கிறது, வாசகரும் ஒருமுறைதான் பார்க்கிறார் என்பதே வர்க்கமூலத்தின் நியாயம்.

மதப் பிரச்சாரமோ, வணிக விளம்பரமோ, தொலைந்த நாய்க்குட்டி பற்றிய அறிவிப்போ எல்லாவற்றுக்கும் ஒரே தராசு. எந்த மொழியில் எழுதினாலும் கணக்கு மாறாது. யூஸ்நெட் நிர்வாகிகள் உருவாக்கியவற்றில் இதையே மிகச் சிறந்த விதி என்று கருதலாம்.

தன் வழங்கி, தன் விதி

அளவுகோல் சரியானது, ஆனால் அதைச் செயல்படுத்திய கருவி அதே நீக்கற் செய்திதான். 1995 ஜனவரியில் சயின்டாலஜி பற்றி விமர்சித்த ஒரு குழுவையே உலகம் முழுவதும் நீக்கச் சொல்லும் கட்டளைச் செய்தி அச்சபையின் சார்பில் அனுப்பப்பட்டது. பல வழங்கிகள் அதைச் சட்டை செய்யவில்லை. காரணம், கண்ட்ரோல்.சிடிஎல் என்ற கோப்பு. யாரிடமிருந்து வரும் எந்தக் கட்டளையை நிறைவேற்றுவது, எதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு விட்டுவிடுவது, எதைத் தூக்கி எறிவது என்று நிர்வாகி அதில் வரிவரியாக எழுதியிருப்பார். பொருந்தும் வரிகளில் கடைசி வரியே செல்லும் என்பது அதன் இலக்கணம். பொது விதியை மேலேயும் விதிவிலக்கைக் கீழேயும் எழுதாதவர்களின் கோப்பு நினைத்ததற்கு நேர்மாறாக வேலை செய்யும். 1996 செப்டம்பரில் யாரோ ஏவிவிட்ட நிரல் பல ஆயிரம் செய்திகளை அழித்தது. நீக்கற் செய்தியை நம்புவது ஆபத்து என்பதில் அதன்பின் பெரிய கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மருந்து அறைகளை ஒட்டி ஒட்டிக் கட்டுவதில்லை, இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளியே கட்டுவார்கள். ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குப் போகக் கூடாது என்பது கணக்கு. செய்தி வழங்கிகளும் இந்த வழிக்கே வந்து சேர்ந்தன. கேன்சல்மூஸ் முன்வைத்த நோசெம் முறையில் எரிதங்களின் பட்டியல் பிஜிபி கையொப்பத்துடன் வெளியிடப்பட்டது. யாருடைய பட்டியலை நம்புவது என்பதை அந்தந்த வழங்கி நிர்வாகியே தீர்மானித்தார். பட்டியல் தவறானால் கெடுவது அதை நம்பிய வழங்கி மட்டும்.

ஜெரமி நிக்சன் எழுதிய கிளீன்ஃபீட் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. பெர்ல் மொழியில் எழுதப்பட்ட இவ்வடிகட்டி ஐஎன்என்-உடன் இணைந்து, செய்தி உள்ளே நுழையும்போதே சோதிக்கும். செய்தியின் உடற்பகுதியிலிருந்து எம்டி5 என்ற கணக்கீட்டால் ஒரு கைரேகையை எடுத்து நினைவில் வைத்துக்கொள்ளும். அதே கைரேகை குறுகிய காலத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்தடுத்த நகல்களுக்குக் கதவடைப்பு. உரைக்குழுக்களில் கோப்புகளைத் திணிப்பதையும் அளவுமீறிப் பல குழுக்களுக்கு அனுப்புவதையும் தடுக்க அதில் தனி விதிகள் இருந்தன. 1998 ஏப்ரலில் எரித நீக்கர்கள் சிலகாலம் வேலைநிறுத்தம் செய்தபோது, இத்தகைய வடிகட்டி வைத்திருந்த வழங்கிகள் தாக்குப்பிடித்தன.

பிற்காலம்

2001-இல் டெஜா நிறுவனத்தின் யூஸ்நெட் காப்பகத்தை கூகுள் வாங்கியது. வழங்கி, விதி எதுவும் தெரியாமலே உலாவி வழியாகச் செய்திக்குழுக்களில் எழுத முடிந்தது. எரிதம் போடுவோருக்கும் அதே வசதி. காலப்போக்கில் கூகுள் குழுக்கள் வழியே வரும் எரிதம் பெருகி, அங்கிருந்து வரும் எல்லாச் செய்திகளையும் மொத்தமாக மறுக்கும் ஒற்றை விதியைச் சில நிர்வாகிகள் எழுதினர். நல்ல வாசகர்களும் சேர்ந்து வெளியேற்றப்பட்ட முரட்டு விதி அது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் யூஸ்நெட்டில் புதிய செய்திகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. பழைய செய்திகள் காப்பகமாக விடப்பட்டன. ஐஎன்என் இன்றும் பராமரிக்கப்படுகிறது. அது ஓடும் வழங்கிகளில் இன்வாட்ச் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துச் சுமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.